விசா தேதி தாண்டிவிட்டால் முதலில் எங்கே போவது?

விசா முடிந்தும் ஒரு நாட்டில் தங்கிவிட்டவர், தானாகவே கிளம்பிப் போக நினைத்தால் அவரை யார் தடுக்கப் போகிறார்கள்? அவர் வெளியேற வேண்டும் என்பதுதானே சட்டத்தின் விருப்பமும்? கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இந்த எண்ணம் பலரைச் சிக்கலில் மாட்டிவிடுகிறது. டிக்கெட் எடுத்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு மீனம்பாக்கம் விமான நிலையம் போய் நிற்பார்கள். குடியேற்றப் பிரிவு கவுன்டரில் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரி, எக்ஸிட் பெர்மிட், அதாவது வெளியேறும் அனுமதி, எங்கே என்று கேட்பார். அது இல்லையென்றால் விமானம் ஏற முடியாது. டிக்கெட் பணம் வீணாகும். அதைவிட மோசமானது, அவரே முன்வந்து சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அதிகாரி கண்டுபிடித்த விஷயமாக மாறிப்போவது.

இதை இப்போது விளக்கமாக எழுதக் காரணம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரம். 1996இல் தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்ட ஹூண்டாய், 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ கார்களை வெளியே அனுப்பத் தொடங்கியது. அதன் பின்னாலேயே கொரிய உதிரிபாக நிறுவனங்கள் வரிசையாக வந்தன. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை, 2012இல் டெய்ம்லர் லாரி ஆலை. இந்தப் பக்கம் சாம்சங், ஃபாக்ஸ்கான். கால் நூற்றாண்டாகக் கொரியர்களும் ஜப்பானியர்களும், தைவான், சீனா, ஜெர்மனியிலிருந்து வந்தவர்களும் இங்கே வேலை பார்க்கிறார்கள். வாடகைக்கு வீடு எடுக்கிறார்கள், குழந்தை பெறுகிறார்கள், பள்ளியில் சேர்க்கிறார்கள். இயந்திரத்தைப் பொருத்த வருபவர் சில மாதம் இருப்பார். தர மேலாளராக வருபவர் சில ஆண்டு இருப்பார். இவர்களில் எவரும் சட்டத்தை ஏய்க்க வேண்டும் என்று விமானம் ஏறி வருவதில்லை. ஆனாலும் தேதி தாண்டிப் போகிறது. எப்படி என்பதைத்தான் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

பெரும்பாலும் அது நாள் கணக்கில் வரும் பிழை. விசா எந்தத் தேதி வரை செல்லும் என்பது ஒன்று. ஒரு முறை வந்தால் எத்தனை நாள் தொடர்ந்து தங்கலாம் என்பது வேறு. தொழில் விசா ஓராண்டுக்கோ ஐந்தாண்டுக்கோ கொடுக்கப்பட்டிருக்கும். அதே தாளில், ஒவ்வொரு முறையும் 180 நாளுக்கு மேல் தொடர்ந்து தங்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கும். முதல் தேதியை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர், இரண்டாவது வரியில் தவறிவிடுகிறார். 180 நாள் என்பதை ஆறு மாதம் என்று எண்ணிக்கொள்வது இன்னொரு தவறு. மார்ச் 1ஆம் தேதி வந்து இறங்கியவருக்கு, அந்த நாளையும் சேர்த்து எண்ணினால், 180ஆம் நாள் ஆகஸ்ட் 27. ஆறு மாதம் என்று கணக்குப் போட்டு ஆகஸ்ட் 31க்கு டிக்கெட் எடுத்திருந்தால் நான்கு நாள் ஓவர்ஸ்டே. அந்த நான்கு நாளை எண்ணிப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் நிறுவனத்தின் எச்ஆர் பிரிவில் இருப்பவர். பெரிய நிறுவனங்களில் அதற்கென்றே ஆள் உண்டு. இரண்டாம், மூன்றாம் கட்ட உதிரிபாக நிறுவனங்களிலோ இந்த வேலை வெளியே ஒரு கன்சல்டன்டிடம் போகிறது. அவரும் மறந்தால் கேட்பாரில்லை.

அடுத்த காரணம் வேலை விசாவின் இயல்பு. அது நிறுவனத்தோடு கட்டப்பட்டது. விசாவில் இன்னும் எட்டு மாதம் பாக்கி இருந்தாலும், அந்த நிறுவனத்தில் வேலை முடிந்துவிட்டால் அந்த விசாவை வைத்துக்கொண்டு பக்கத்து சிப்காட் வளாகத்தில் இன்னொரு நிறுவனத்தில் சேர முடியாது; குழும நிறுவனங்களுக்குள் மாறுவதற்குக்கூட முன் அனுமதி வேண்டும். ஒப்பந்தம் முறிந்து, சம்பள பாக்கிக்காகக் காத்திருந்தே நாளைத் தாண்டவிடுகிறவர் நிலை பரிதாபமானது. பணம் வாங்காமல் ஊருக்குப் போனால் அது கிடைக்காது என்ற பயம் ஒரு பக்கம், தங்கினால் சட்டம் என்ற பயம் மறுபக்கம்.

குழந்தை விஷயம் பலருக்குத் தெரியாது. இங்குள்ள மருத்துவமனையில் ஒரு கொரியத் தம்பதிக்குக் குழந்தை பிறந்தால், அந்தக் குழந்தை இந்தியக் குடியாகிவிடாது. அதற்குக் கொரியத் தூதரகம் மூலம் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். பிறகு இந்திய அரசிடம் பதிவுசெய்து விசாவோ வெளியேறும் அனுமதியோ பெற வேண்டும். பிறப்புச் சான்றிதழ் ஒன்றே போதும் என்று கைக்குழந்தையோடு விமான நிலையம் போனால் அங்கே நிறுத்திவிடுவார்கள். பாஸ்போர்ட்டைத் தொலைத்தவருக்கும் இதே நிலைதான். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, தன் நாட்டுத் தூதரகத்தில் புதிய பாஸ்போர்ட் வாங்கி, அதன் பிறகு வெளியேறும் அனுமதி கேட்க வேண்டும். கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் சென்னையில் துணைத் தூதரகங்கள் இருக்கின்றன. தைவானுக்கு 2012 முதல் ஓர் அலுவலகம் இருக்கிறது. சீனாவுக்குச் சென்னையில் எதுவும் இல்லை. ஆகவே பாஸ்போர்ட் தொலைத்த சீனத் தொழில்நுட்பருக்கு இந்த வேலை முடிய அதிக நாளாகும். அந்த நாட்களும் ஓவர்ஸ்டே கணக்கில் ஏறக்கூடும் என்பதால், தொலைந்த அன்றே புகார் கொடுத்து, அதன் நகலைப் பத்திரமாக வைத்திருப்பது அவசியம்.

இனி சட்டம். 2025 செப்டம்பர் 1 முதல் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம், 2025 நடைமுறைக்கு வந்திருக்கிறது. 1920ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் சட்டம், 1939ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம், 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம், 2000ஆம் ஆண்டின் விமான, கப்பல் நிறுவனப் பொறுப்புச் சட்டம் ஆகிய நான்கையும் நீக்கிவிட்டு இது வந்தது. பழைய சட்டத்தில் விசா தாண்டித் தங்குவதற்கு ஐந்து ஆண்டு வரை சிறை என்று இருந்தது. புதிய சட்டத்தில் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 3 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சிறை என்ற சொல்லைப் படித்தவுடனே பலர் ஒளிந்துகொள்கிறார்கள். தவறு தொடங்குவது அங்கேதான். சட்டம் உச்சவரம்பைச் சொல்கிறது. நடைமுறையில், வேறு குற்றம் எதுவும் செய்யாமல், தானாக வந்து சொல்லி, காரணம் காட்டி வெளியேற விரும்புகிறவரின் விவகாரம் பெரும்பாலும் அபராதத்தோடு முடிகிறது. அபராதம் தங்கிய நாட்களுக்கேற்ப ஏறும். முதல் 30 நாட்களுக்குள் என்றால் 10,000 ரூபாய். அங்கிருந்து படிப்படியாக உயர்ந்து 3 லட்சம் வரை போகும். ஆகவே ஒவ்வொரு வாரம் தள்ளிப்போடுவதும் தனக்குத்தானே அபராதத்தை உயர்த்திக்கொள்வது.

போக வேண்டிய இடம் வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகம். ஆலைகளில் எல்லோரும் எஃப்ஆர்ஆர்ஓ என்றுதான் சொல்கிறார்கள். சென்னை அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் சாலையில் சாஸ்திரி பவன் பக்கம் இருக்கிறது. ஆனால் 2018க்குப் பிறகு நேரில் போய் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. இ-எஃப்ஆர்ஆர்ஓ என்ற அரசு இணையதளத்தில் கணக்குத் தொடங்கி, எக்ஸிட் பெர்மிட் சேவையைத் தேர்ந்து விண்ணப்பிக்கலாம். தங்கியிருக்கும் முகவரியைப் பொறுத்து அது உரிய அதிகாரிக்குப் போய்ச் சேரும். கூப்பிட்டால் மட்டும் நேரில் போக வேண்டும். பாஸ்போர்ட், விசா, கடைசியாக வந்திறங்கிய முத்திரை உள்ள பக்கம், புகைப்படம், தங்கியிருக்கும் வீட்டின் சான்று, பயண டிக்கெட் விவரம், நிறுவனத்தின் கடிதம் ஆகியவை வேண்டும். இவற்றோடு ஏன் நாள் தாண்டியது என்று விண்ணப்பதாரரே எழுதும் விளக்கமும் தேவை.

அந்த விளக்கக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கன்சல்டன்டுகள் பலர் இதற்கு ஓர் அச்சு வைத்திருக்கிறார்கள். உடல்நிலை சரியில்லை என்று எல்லோருக்கும் ஒரே கடிதம். இது ஆபத்து. மருத்துவச் சான்று கேட்டால் காட்ட முடியாது. காட்டுவதற்குப் பொய்ச் சான்று தயாரித்தால், அதுவரை வெறும் நாள் கணக்குப் பிழையாக இருந்தது மோசடியாகிவிடும். புதிய சட்டத்தில் போலி ஆவணத்துக்கான தண்டனை இரண்டு ஆண்டில் தொடங்கி ஏழு ஆண்டு வரை போகிறது. நாளைத் தவறாக எண்ணிவிட்டேன் என்பதே உண்மையென்றால் அதையே எழுதுங்கள். நிறுவனம் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கத் தவறியது என்றால் அதை எழுதி, நிறுவனத்தின் மின்னஞ்சலை இணையுங்கள். உண்மையான சாதாரணக் காரணம், ஜோடித்த பெரிய காரணத்தைவிட வலுவானது.

டிக்கெட் எடுப்பதிலும் கவனம் வேண்டும். விண்ணப்பத்துக்குப் பயண விவரம் வேண்டும் என்பதற்காக மறுநாளைக்கே டிக்கெட் எடுக்கக் கூடாது. விண்ணப்பம் பரிசீலிக்கப்படவும், கூடுதல் ஆவணம் கேட்டால் கொடுக்கவும் நாள் தேவை. தேதி மாற்றிக்கொள்ளக்கூடிய டிக்கெட்டாக எடுப்பது நல்லது. அனுமதி கிடைத்ததும் அதில் குறிப்பிட்ட நாட்களுக்குள் கிளம்பிவிட வேண்டும். அதையும் தாண்டினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குற்ற வழக்கு நிலுவையில் உள்ளவருக்கு இந்த வழி போதாது. நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் அவர் வெளியேற முடியாது. வழக்கறிஞரைப் பார்ப்பதுதான் முதல் வேலை.

மூன்று வகையினரை இந்தப் பேச்சில் கலந்துவிடுவதால் குழப்பம் கூடுகிறது. விசாவோடு முறையாக வந்து நாள் தாண்டியவர் ஒருவர். எந்தத் தாளும் இல்லாமல் எல்லை தாண்டி வந்தவர் வேறொருவர். அவருக்கான சட்டப் பிரிவும் தண்டனையும் வேறு, ஐந்து ஆண்டு வரை சிறை. ஆலை கேன்டீனில் வேலை செய்யும் நேபாளி மூன்றாமவர். அவருக்கு இந்தியாவில் தங்க விசாவே தேவையில்லை. வெளிநாட்டு முகம், புரியாத மொழி என்பதை மட்டும் வைத்து அக்கம்பக்கத்தார் இவர்கள் எல்லோரையும் ஒரே பெயரில் சந்தேகிப்பது அநியாயம்.

தமிழ்நாட்டில் வெளிநாட்டினர் சட்டத்தின் பாரத்தை அதிகம் சுமந்தவர்கள் கொரியர்களோ சீனர்களோ அல்ல, இலங்கைத் தமிழர்கள். 1983க்குப் பிறகு படகில் வந்தவர்களை நமக்குத் தெரியும். விமானத்தில் சுற்றுலா விசாவோடு வந்து, போர் ஓயாததால் திரும்பிப் போக முடியாமல் தங்கியவர்களும் உண்டு. தாளின்படி அவர்கள் ஓவர்ஸ்டே. இருபது முப்பது ஆண்டுகளுக்கான அபராதத்தைக் கட்டிவிட்டு ஊர் திரும்பு என்று ஓர் அகதியிடம் சொல்வதில் மனிதத்தன்மை இல்லை. 2015 ஜனவரி 9ஆம் தேதி வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து, அரசிடம் பதிவுசெய்த இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து 2025 செப்டம்பரில் வந்த ஆணை விலக்கு தருகிறது. அது குடியுரிமை தரவில்லை. அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது. ஊர் திரும்ப விரும்புகிறவர் வெளியேறும் அனுமதி வாங்கித்தான் போக வேண்டும். ஆனால் சட்டம் நினைத்தால் காரணத்தைப் பார்த்து இளகும் என்பதற்கு இந்த ஆணை சான்று.

கொரோனாவிலும் அரசு அப்படி இளகியது. 2020 மார்ச்சில் விமானங்கள் நின்றபோது, போக முடியாமல் இங்கே சிக்கிய வெளிநாட்டினரின் விசாவை அரசு கட்டணமில்லாமல் நீட்டித்தது. 2021இலும் அது தொடர்ந்தது. ஓவர்ஸ்டே அபராதம் அவர்களிடம் வாங்கப்படவில்லை.

இதே சிக்கலில் நம் பிள்ளைகள் வெளிநாட்டில் நிற்பதையும் இங்கே பேச வேண்டும். ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக இரண்டு ஆண்டு ஓட்டிய ஐடிஐ படித்த பையனிடம், மலேசியாவில் இதே வேலைக்கு இரட்டைச் சம்பளம் என்று ஏஜென்ட் சொல்வார். போவது சுற்றுலாப் பயணியாக. அங்கே போன பிறகு வேலை பெர்மிட் மாற்றித் தருகிறேன் என்பார்; மாற்றித் தரமாட்டார். முதலாளி பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார். நாள் தாண்டிய பிறகு பையன் புகார் கொடுக்கவே பயப்படுவான், அந்தப் பயத்தை வைத்து அவனிடம் குறைந்த கூலிக்கு வேலை வாங்குவார்கள்.

அவனுக்கும் வழி உண்டு. அந்தந்த நாடுகள் அவ்வப்போது பொது மன்னிப்பு அறிவிக்கின்றன. மலேசியா 2019 ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை 700 ரிங்கிட் அபராதம் கட்டி, டிக்கெட்டைக் காட்டினால் ஊருக்குப் போகலாம் என்று சொன்னது. ஐக்கிய அரபு அமீரகம் 2024 செப்டம்பர் 1இல் தொடங்கி, அக்டோபரில் முடிப்பதாக இருந்ததை டிசம்பர் 31 வரை நீட்டித்தது. அபராதமும் இல்லை, மறுபடி வரத் தடையும் இல்லை. பாஸ்போர்ட் முதலாளியிடம் சிக்கியிருந்தால் இந்தியத் தூதரகம் அவசரச் சான்று கொடுக்கும்; ஒரு முறை ஊர் திரும்ப அது போதும். தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. வழியற்றவருக்கு டிக்கெட் எடுத்துத் தரவும், தொழிலாளி மீது தவறில்லாத நிலையில் ஓவர்ஸ்டே அபராதத்தைக் கட்டவும் அதில் இடமுண்டு. சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறையிடம் குடும்பத்தார் மனு கொடுக்கலாம். ஏஜென்டிடம் மறுபடி ஐம்பதாயிரம் கொடுத்து மீட்டுவரச் சொல்வதற்கு முன்னால் இந்தக் கதவுகளைத் தட்டுங்கள்.

தானாகப் போய்ச் சொல்வதற்கும் பிடிபடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தாய்லாந்து எழுத்திலேயே வைத்திருக்கிறது. அங்கே 2016 முதல், 90 நாளுக்கு மேல் ஓராண்டுக்குள் தாண்டியவர் தானாகச் சரணடைந்து வெளியேறினால் ஓராண்டு நுழையத் தடை. அதே ஆள் பிடிபட்டால் ஐந்தாண்டு. அமெரிக்காவில் கணக்கு வேறு: 180 நாளைத் தாண்டித் தங்கி வெளியேறினால் மூன்றாண்டு, ஓராண்டைத் தாண்டினால் பத்தாண்டு உள்ளே வர முடியாது. சிங்கப்பூரில் 90 நாளைத் தாண்டினால் சிறையோடு பிரம்படியும் உண்டு. நாட்டுக்கு நாடு கடுமை மாறுகிறது. நாள் கூடக் கூடத் தண்டனை கூடுவதும், முன்வந்து சொன்னவருக்கு இரக்கம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதும் பல நாடுகளில் காணக்கூடியவை.

மறுபடி இங்கே வருவோம். அபராத ரசீது அந்த வெளிநாட்டினரின் பெயரில் வரும். பிழை பல நேரம் அவருடையது அல்ல. விசாவுக்கு ஆவணம் கொடுத்து அழைத்தது நிறுவனம், நீட்டிப்புக்கு விண்ணப்பிப்பதாகச் சொன்னது நிறுவனம், இயந்திரம் ஓடத் தாமதமாகிறது இன்னும் இரண்டு வாரம் இருங்கள் என்று கேட்டதும் நிறுவனம். அப்படியிருக்க, அபராதத்தை அந்தத் தொழில்நுட்பரின் கடைசிச் சம்பளத்தில் பிடிப்பது அறமல்ல. நிறுவனமே கட்ட வேண்டும். அதோடு தன் தவறு என்று கடிதமும் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் இல்லாவிட்டால், எதிர்காலத்தில் அவர் இந்திய விசா கேட்கும்போது பழைய ஓவர்ஸ்டே அவர் மீதே நிற்கும்.

வீட்டு உரிமையாளருக்கும் கடமை உண்டு. வெளிநாட்டினர் யார் வந்து தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். 'சி' படிவம் என்று நெடுநாளாக அறியப்பட்ட முறை அது. ஹோட்டலுக்கு மட்டும்தான் இது என்று ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வாடகைக்கு விடுகிறவர்களில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாடகைக்கு விட்ட வீட்டுக்கும் பொருந்தும். அந்தப் பதிவு இருந்தால், பின்னால் வெளியேறும் அனுமதி கேட்கும்போது தங்கியிருந்த இடத்துக்கான சான்று எளிதாகக் கிடைக்கும். இல்லாவிட்டால் அந்த ஒரு தாளுக்காகவே விண்ணப்பம் நின்றுபோகும்.

அரசிடம் கேட்பது அதிகமில்லை. இருங்காட்டுக்கோட்டை, பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் என்று வட்டாரம் முழுக்க சிப்காட் வளாகங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏதேனும் ஓர் அலுவலகத்தில், மாதம் ஒரு நாள் பதிவு அலுவலகத்தைச் சேர்ந்தவர் வந்து உட்கார்ந்து சந்தேகம் தீர்க்கலாம். 180 நாளுக்கும் ஆறு மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொரிய, ஜப்பானிய, சீன மொழிகளில் ஒரு பக்கத்தில் அச்சடித்து ஆலை வாசலில் ஒட்டலாம். செலவு மிகக் குறைவு.

உங்கள் ஆலையில், உங்கள் மாடி வீட்டில், உங்கள் தெருவில் இருக்கும் வெளிநாட்டினருக்கு விசா தேதி தாண்டிவிட்டது என்று தெரிந்தால், அவரை விமான நிலையத்துக்கு அனுப்பாதீர்கள், ஒளிந்திருக்கவும் சொல்லாதீர்கள். அன்றைக்கே உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து எக்ஸிட் பெர்மிட் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள்.